பத்தொன்பது பேர் முன்னிலையில்

ஆடியகத்தில் ஒரு கண்ணாடியை உருவாக்க மூன்று வருடம் பிடிக்கும். ஒரு குழுவை உருவாக்க மூன்று நாள் போதும். அதனால் அங்கே கண்ணாடிகளைவிடக் குழுக்கள் அதிகம் என்பதில் யாரும் ஆச்சரியப்பட்டதில்லை.

விண்வெளிக்கு அனுப்பும் தொலைநோக்கிகளுக்குக் கண்ணாடி செய்கிற இடம் அது. முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, நட்சத்திரம் பார்க்கிற கண்ணாடி. நடுவில் லேசாகக் குழிந்து, ஒரு வட்ட மேசை அகலத்துக்கு, சுண்டுவிரல் கனத்தில் இருக்கும். கனம் குறைவாக இருந்தால்தான் ராக்கெட் தூக்கும். ஆனால் கனம் குறைந்த கண்ணாடி தன் பாரத்துக்கே வளையும், பக்கத்தில் தும்மினால் நடுங்கும், முறைத்துப் பார்த்தால்கூடக் கோணிக்கொள்ளும் என்று பட்டறையில் பேசிக்கொள்வார்கள். முறைத்துப் பார்க்கிற விஷயம் வேடிக்கைக்குச் சொன்னதுதான். அது எவ்வளவு உண்மை என்பது எட்டாம் எண் கண்ணாடி விஷயத்தில் தெரிந்தது.

எட்டாம் எண்ணுக்கு மெருகு போட்டவள் மெருகு அக்கா. இருபத்தாறு வருடமாக அதே பட்டறை. அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தார் மாதிரியான கீல் பூசிய வட்டத் தட்டில் மெருகுத் தூளைக் குழைத்து வைத்துக் கண்ணாடி மேல் சுற்றிச் சுற்றித் தேய்ப்பது அவள் வேலை. முக்கால்வாசியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். கடைசி ஆறு மாத வேலைக்குக் கைதான் வேண்டும். பத்து நிமிடம் தேய்த்தால் ஒரு நாள் ஆற விட வேண்டும். அப்புறம் அளந்து, எங்கே மேடு என்று பார்த்து, அங்கே மட்டும் மறுபடி பத்து நிமிடம். மேடு என்றால் தடவித் தெரிகிற மேடு இல்லை. ஒரு தலைமுடியை நீளவாக்கில் நாலாயிரமாகக் கிழித்தால் அதில் ஒரு பங்கு. அதற்குமேல் இருந்தால் நட்சத்திரம் கலங்கித் தெரியும்.

இப்படி மூன்று வருடம் போனது. இதற்கிடையில் அக்காவின் மகள் படிப்பை முடித்தாள், வேலைக்குப் போனாள், அந்த வேலையை விட்டு வேறு வேலைக்கும் போனாள். அக்கா அதே கண்ணாடியைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலை தட்டை எடுத்து வைத்துவிட்டு, போதும் என்றாள். அளவைக்காரர் அளந்தார்.

அளவைக்காரர் அதிகம் பேசமாட்டார். எண்ணைச் சொல்வார், அவ்வளவுதான். அவருடைய அறை ஜன்னல் இல்லாத நீளமான அறை. ஒரு கோடியில் கண்ணாடியை அகலமான துணிப் பட்டையில் தாங்கி நிமிர்த்தி நிறுத்துவார்கள். மறுகோடியில், கதவுக்குக் கொஞ்சம் முன்னால், கருவி. கருவியிலிருந்து போகிற ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்து, வெளியே தாழ்வாரத்தில் இருக்கும் திரையில் கோடு கோடாக விழும். கோடுகள் நேராக நின்றால் கண்ணாடி சரி, நெளிந்தால் சரியில்லை. பக்கத்தில் ஒரு எண் வரும். அது இருபதுக்குள் இருக்க வேண்டும். இருபது என்றால் என்ன இருபது என்று கேட்டால் அளவைக்காரர் விளக்குவார். கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை.

எட்டாம் எண்ணுக்குப் பதினாறு வந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று வருடத்தில் முதல் முறையாக வேலை நேரத்தில் ஒரு டீ முழுசாகக் குடித்தாள்.

ஆனால் ஆளில்லாத அறையில் எடுத்த அளவு ஆடியகத்தில் செல்லாது. தர உறுதி மேற்பார்வைக் குழுவின் முன்னிலையில் எடுத்தால்தான் அது அளவு. இதை நினைவூட்டியவர் விதிமுறைப் பிரிவு மேலாளர். அவருக்கு ஷரத்து என்று யாரோ பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வைத்தது யார் என்று விசாரிக்க ஒரு குழு இருந்தது.

முதல் அளவைக்குக் குழுவில் ஐந்து பேர் வந்தார்கள். இயக்குநர் முன்னால் வந்தார், மற்றவர்கள் பதவி வரிசைப்படி பின்னால் வந்தார்கள். கண்ணாடியைச் சுற்றி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் பார்த்தார்கள். திரையில் கோடுகள் புழுவாக நெளிந்தன. முப்பத்து நாலு என்றார் அளவைக்காரர். குழு போய் இரண்டு மணி நேரம் கழித்து அவர் தன் திருப்திக்கு மறுபடி அளந்தார். பதினாறு.

அக்கா இதை இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னாள்.

இயக்குநர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு, "இதுல எனக்கு ஒண்ணு புரியுதும்மா. நாம இல்லாதப்ப இந்தக் கண்ணாடி நல்லா இருக்கு, நாம வந்தா கெட்டுப்போகுது. அப்படின்னா என்ன அர்த்தம்? நாம இல்லாதப்ப அது மறைக்குதுன்னு அர்த்தம். என் முப்பது வருஷ சர்வீஸ்ல எத்தனையோ ஆளுங்கள இப்படிப் பாத்திருக்கேன். அதிகாரி எதுர வந்து நின்னாத்தான் ஒருத்தரோட உண்மையான குணம் வெளிய வரும். கண்ணாடிக்கு மட்டும் தனி நியாயமா?" என்றார்.

"கண்ணாடிக்கு அப்படியெல்லாம் தெரியாதுங்க சார்."

"உங்களுக்கு அது வெறும் கண்ணாடி. எனக்கு இங்க எல்லாமே சிப்பந்திங்கதான்."

அஞ்சு பேருக்கே இவ்வளவு குறை வெளியே வந்தால் இன்னும் எவ்வளவு மறைந்திருக்குமோ என்று கவலைப்பட்டு, குழுவைப் பன்னிரண்டு பேராக்கி அன்றே உத்தரவு போட்டார். அக்கா வெளியே வந்து தாழ்வாரத்தில் நடக்கும்போது, உண்மையிலேயே தனக்குத் தெரியாமல் அந்தக் கண்ணாடியில் ஏதோ இருக்கிறதோ என்றுகூட ஒரு கணம் சந்தேகப்பட்டாள்.

"ஆளுங்க சூடுதான் அக்கா," என்றார் அளவைக்காரர். "ஒரு ஆள் சும்மா நின்னாலே நூறு வாட் பல்பு. காத்து கொதிக்குது."

அவர் இவ்வளவு பேசியதே பெரிது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டு ஷரத்திடம் போனாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"யாரோட சூடு?"

"எல்லாரோடதும்தான் சார்."

"எல்லாரோடதும்னு பொத்தாம் பொதுவா எழுத முடியாதும்மா. எந்தப் பதவிலேருந்து எவ்வளவு சூடுன்னு பிரிச்சுக் காட்டணும். இயக்குநர்கிட்டேருந்து வர்றதும் கேன்டீன் பொறுப்பாளர்கிட்டேருந்து வர்றதும் ஒண்ணான்னு நாளைக்கு ஒருத்தர் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"ஒண்ணுதான் சார்."

"அத நீங்க சொல்லக் கூடாது."

கேன்டீன் பொறுப்பாளர் குழுவில் எப்படி வந்தார் என்று கேட்கலாம். குழு கூடினால் டீ வேண்டும். டீ கொண்டுவருகிறவர் வெளியாள் என்றால் உள்ளே பேசுவது கசியும். அதனால் அவரையும் உறுப்பினராக்கிவிட்டார்கள். அவர் நல்ல மனிதர். கூட்டத்தில் ஒருநாளும் கருத்துச் சொன்னதில்லை, டீயும் சூடாகவே இருக்கும்.

சூடு பற்றிய அக்காவின் புகாரைக் குழு ஒரேயடியாகத் தள்ளிவிடவும் இல்லை. அனுதாபத்துடன் பரிசீலித்து, இரண்டாம் அளவைக்கு அறையில் இரண்டு மின்விசிறி வைக்கச் சொன்னது. பன்னிரண்டு பேரும், இரண்டு மின்விசிறியும், ஒரு டீப் பாத்திரமும் உள்ளே போனதும் கோடுகள் திரையைவிட்டே ஓடின. அளவைக்காரர் தன் வாழ்நாளில் பார்க்காத எண்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோது, கதவோரம் நின்றிருந்த இயக்குநர் குரல் கொடுத்தார்.

"என்னது இது. நான் தலைகீழா இருக்கேன்."

எல்லோரும் அவர் பக்கம் போய் நின்று பார்த்தார்கள். உண்மைதான். கண்ணாடிக்குள் சின்னதாக, மங்கலாக, பன்னிரண்டு அதிகாரிகள் காலை மேலே வைத்துத் தலையால் நின்றுகொண்டிருந்தார்கள். டீப் பாத்திரமும் கவிழ்ந்திருந்தது, ஆனால் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"குழிஞ்ச கண்ணாடி அப்படித்தாங்க சார் காட்டும். தள்ளி நின்னு பாத்தா தலைகீழாத்தான் தெரியும்," என்றாள் அக்கா.

"எல்லாருமா?"

"எல்லாரும்தான் சார்."

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "அமைச்சர் வந்து பாத்தா?"

"அவரும்தான் சார்," என்றாள் அக்கா. ஷரத்து அதைக் குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடு போட்டார்.

நிலைமையைச் சமாளிக்க நினைத்து அக்கா வாயைக் கொடுத்தாள். "கிட்ட வந்து பாருங்க சார். கிட்டன்னா நேரா தெரியும். பெருசாவும் தெரியும்." சொன்ன மறுநிமிடமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் இயக்குநர் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, நேராகவும் பெரிதாகவும் இருந்த தன்னை வெகுநேரம் பார்த்தார். "இது பரவாயில்ல," என்று சொல்லி விலகினார். அடுத்து துணை இயக்குநர்கள் இருவர் பார்த்தார்கள். அப்புறம் வரிசைப்படி மற்றவர்கள் பார்த்தார்கள். மூன்று வருடமாக அக்கா முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி அடக்கித் தேய்த்த கண்ணாடியின் மேல் பன்னிரண்டு பேரும் ஆற அமர மூச்சு விட்டார்கள்.

எழுபத்தொன்று.

மறுநாள் மூன்று உத்தரவுகள் வந்தன. தலைகீழ்த் தோற்றத்தைச் சரிசெய்ய ஒரு உபகுழு. பிரதான குழு இனிமேல் பத்தொன்பது பேர். வெள்ளிக்கிழமை மூன்றாவது, கடைசி அளவை. அதிலும் தோற்றால் எட்டாம் எண் கழிவு என்று அறிவிக்கப்பட்டு உடைக்கப்படும். கண்ணாடியை அதைச் செய்தவரே உடைக்க வேண்டும், ஏனென்றால் எங்கே தட்டினால் உடையும் என்று அவருக்குத்தான் தெரியும்.

"இன்னும் கொஞ்சம் தேச்சுப் பாருங்களேன்," என்றார் இயக்குநர் பரிவோடு. "மூணு நாள் இருக்கே."

"எத சார் தேய்க்கிறது? அது சரியா இருக்கு. சரியா இருக்கறதத் தேச்சா கெட்டுத்தான் போகும்."

"இந்தப் பிடிவாதம்தாம்மா அந்தக் கண்ணாடிக்கும் வந்திருக்கு."

வெள்ளிக்கிழமை மதியம் ஸ்டோர் மூடிவிடும் என்பதால் சுத்தியலை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்கு ஒரு படிவம். தலை கனமானதா சாதாரணமானதா, கைப்பிடி மரமா இரும்பா, என்ன நோக்கம் என்று கேட்டிருந்தது. கடைசியில், சுத்தியலுக்குச் சேதம் வராமல் வேலையை முடிப்பேன் என்று உறுதிமொழி. அக்கா கையெழுத்துப் போட்டாள். இருபத்தாறு வருடத்தில் அவள் ஸ்டோரில் சுத்தியல் கேட்டதே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். கணவர் ஸ்டுடியோ வைத்திருப்பவர். பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம், கூட்டாக எடுக்கிற படம் எல்லாம் எடுப்பார். பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியைப் பார்த்தார்.

"என்ன இது, ஆணி அடிக்கவா?"

"கண்ணாடிய உடைக்க."

அவர் தட்டை எடுத்து வைத்து, அவளுக்குப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தார். அக்கா சாப்பிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். "பெத்த மாதிரி பாத்துக்கிட்டேங்க அத. அது மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க வெளிய நின்னா போதும். மூணே மணி நேரம் அந்த ரூமுக்குள்ள யாரும் வராம இருந்தா போதும். அத யாருகிட்ட போய்ச் சொல்றது?" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அவர் அவளைச் சிரிக்கவைக்க நினைத்தார். வேறு எப்படிச் சமாதானப்படுத்துவது என்று அவருக்குத் தெரியாது. "இன்னிக்கு ஒரு ஸ்கூல்ல குரூப் போட்டோ. பிள்ளைங்க இருநூறு பேரு, இருபது நிமிஷத்துல முடிச்சுட்டேன். அப்புறம் வாத்தியாருங்க பதினோரு பேரு. ரெண்டு மணி நேரம்."

"ஏன்?"

"யாரு நடுவுல உக்கார்றதுன்னு."

அக்கா கண்ணைத் துடைத்தாள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "பத்தொன்பது பேருன்னா எவ்வளவு நேரம் ஆகும்?"

"என்ன ஆளுங்க?"

"அதிகாரிங்க."

தொழில் என்று வந்துவிட்டால் அவர் விளையாடமாட்டார். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "நாற்காலி எப்படி?"

"நாமளே போட்டுக்கலாம்."

"கை வச்ச நாற்காலி ஒண்ணே ஒண்ணு போடு. மத்ததெல்லாம் சாதா. மத்தியானம் வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

வியாழக்கிழமை அக்கா இயக்குநரிடம் போய், இத்தனை பெரிய குழு கூடுகிறதே, அதற்கு ஒரு ஞாபகார்த்தம் வேண்டாமா என்று கேட்டாள். இயக்குநர் அவளை முதல் முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அந்தக் குழுவைப் பற்றி அவரைத் தவிர இவ்வளவு அக்கறைப்பட்டவர் அதுவரை யாரும் இல்லை.

"கண்ணாடியோட சேத்து எடுக்கணும்," என்றார்.

"ஹால்ல ஒரு கண்ணாடி வச்சிடறேன் சார்."

ஒரு கண்ணாடி என்றுதான் சொன்னாள். எந்தக் கண்ணாடி என்று அவரும் கேட்கவில்லை. பெட்டி கட்டுகிறவர்கள் கட்டிப் பழகுவதற்கென்று, அதே அகலத்தில் அதே கனத்தில், சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியில் வெட்டிய வட்டம் ஒன்று கிடங்கில் இருந்தது. அதைத் துடைத்து, எட்டாம் எண்ணின் பட்டையைப் போலவே ஒரு பட்டையில் நிறுத்தி, ஹாலில் வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பத்தொன்பது பேரும் ஹாலுக்குள் போனார்கள். அக்கா வாசலில் நின்று பார்த்தாள். இயக்குநர் தூரத்திலிருந்தே கண்ணாடியைப் பார்த்து, அப்படியே நின்றார்.

"நேரா இருக்கேன்," என்றார். "பாத்தீங்களா. உபகுழு போட்டு நாலு நாள் ஆகல." உபகுழுத் தலைவர் அடக்கத்தோடு தலை குனிந்தார். அவர் இன்னும் முதல் கூட்டமே கூட்டவில்லை.

அக்கா அளவை அறைக்கு ஓடினாள். உள்ளே விளக்கு அணைந்திருந்தது, கதவு மூடியிருந்தது. தாழ்வாரத்தில் திரைக்கு முன்னால் அளவைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, சுத்தியல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலையில் கண்ணாடியை நிறுத்த வந்தவர்களின் சூடும் எட்டிப்பார்த்த இரண்டு அதிகாரிகளின் சூடும் அந்த அறையில் இன்னும் மிச்சமிருந்தது.

நாற்பது. முப்பத்தாறு.

ஹால் அந்தத் தாழ்வாரத்தின் கடைசியில்தான். பேச்சு நன்றாகக் கேட்டது. இயக்குநர் கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வலது பக்கம் எந்தத் துணை இயக்குநர் என்பதில் தகராறு. இருவரும் ஒரே நாளில் பதவி உயர்வு பெற்றவர்கள். ஒருவர் வயதில் மூத்தவர், மற்றவர் ஒருநாள் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர். ஷரத்து விதிப் புத்தகத்தை எடுத்துவர ஆளனுப்பினார். புத்தகத்தில் மேடைக்கு விதி இருந்தது, சாப்பாட்டு மேசைக்கு இருந்தது, சவ ஊர்வலத்துக்குக்கூட இருந்தது. புகைப்படத்துக்கு இல்லை. மேடை விதிப்படி ஒரு படமும் சவ ஊர்வல விதிப்படி இன்னொரு படமும் எடுப்பது என்று முடிவாக ஒரு மணி நேரம் ஆனது.

முப்பது. இருபத்தேழு.

"சார், பின் வரிசைல மூணாவது, நீங்க கண்ண மூடிட்டீங்க. இன்னொரு தரம்," என்று கணவரின் குரல் கேட்டது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் கண்ணை மூடினார். யாரும் மூடாதபோதும் ஸ்டுடியோக்காரருக்கு மூடியதாகத்தான் தெரிந்தது. நின்றிருந்தவர்களில் குள்ளமானவர் தான் பெட்டி மேல் ஏறி நிற்பதா வேண்டாமா என்று எழுத்துமூலம் உத்தரவு கேட்டார். கேன்டீன் பொறுப்பாளர் இரண்டு முறை டீ கொடுத்தார். டீ குடித்தபின் எல்லோரும் இடம் மாறி நின்றார்கள், மறுபடி முதலிலிருந்து.

இருபத்து மூன்று. இருபத்தொன்று. அங்கேயே நின்றது. அக்கா பைக்குள் கையை விட்டுச் சுத்தியலின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

கோடுகள் மெல்ல மெல்ல அடங்கின. யாரோ தலைவாரிவிட்டதுபோல ஒவ்வொன்றாக நேராயின. பன்னிரண்டே கால் மணிக்கு எல்லாம் நின்றுவிட்டன. அளவைக்காரர் ஒருமுறை அளந்தார், இன்னொரு முறை அளந்தார், மூன்றாவது முறையும் அளந்தார்.

"பதினஞ்சு. பதினாறு. பதினஞ்சு," என்றார். பிறகு அவர் வழக்கத்துக்கு மாறாக ஒரு வாக்கியமே பேசினார். "அக்கா, இந்த ரூம்ல நான் பாத்ததுலயே இதுதான் நல்ல கண்ணாடி."

அக்காவுக்கு மனசு நிறைந்து வழிந்தது. அந்தக் கோடுகளை அப்படியே எடுத்து வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஹால் கதவு திறந்தது. பத்தொன்பது பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். படம் எடுத்த களை எல்லோர் முகத்திலும் இருந்தது. "சரி, அளந்து முடிச்சிடுவோம் வாங்க," என்று இயக்குநர் அளவை அறைக் கதவில் கை வைக்கப் போனார். அக்கா கதவுக்கு முன்னால் போய் நின்றாள். எப்படி அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியாது.

"அளந்தாச்சு சார்."

"எப்ப?"

"நீங்கல்லாம் போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கும்போது சார்."

ஷரத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முன்னிலை இல்லாம எடுத்தா அது அளவே இல்லம்மா. வச்ச தேதில முறைப்படி அளவை நடக்கலன்னா மூணாவதும் தோல்வின்னுதான் எழுதணும்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வருத்தத்தோடு அவளுடைய பையைப் பார்த்தார். சுத்தியல் தயாராக இருந்ததில் மட்டும் அவருக்கு ஒரு நிம்மதி.

அக்காவின் மூளையில் அப்போது ஒன்றே ஒன்றுதான் ஓடியது. "அந்தப் படம் சார்," என்றாள் இயக்குநரிடம். "அதுல என்னன்னு போடுவீங்க?"

வேறு எதையும் நினைத்து அவள் கேட்கவில்லை. ஆனால் இயக்குநரின் முகம் மாறியது. படத்தை ஸ்டுடியோக்காரரிடமிருந்து கைபேசியில் வாங்கி, பத்து நிமிடம் முன்னால்தான் தலைமையகத்துக்கு அனுப்பியிருந்தார். கூடவே தன் கையாலேயே எழுதியும் அனுப்பியிருந்தார்: எட்டாம் எண் கண்ணாடியின் இறுதி அளவை, குழுவின் முன்னிலையில் வெற்றிகரமாக நடைபெற்றபோது. தலைமையகம் அதை அமைச்சருக்கு அனுப்பி, அமைச்சர் அலுவலகத்திலிருந்து வாழ்த்தும் வந்துவிட்டது.

ஷரத்து கைபேசியை வாங்கி, வாழ்த்தை இரண்டு முறை படித்தார். தேதியைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார்.

"அமைச்சர் வாழ்த்திட்டாருன்னா அளவை நடந்திருக்கு," என்றார் மெதுவாக. "நடந்திருந்தா முன்னிலையிலதான் நடந்திருக்கணும். படத்துல பத்தொன்பது பேரும் இருக்காங்க, கண்ணாடியும் இருக்கு. எத்தனை வந்துது?"

"பதினஞ்சு," என்றார் அளவைக்காரர்.

"அப்ப பாஸ்."

"இல்ல, அந்த ஹால்ல இருந்தது பெட்டி கட்டறவங்களோட…" என்று ஆரம்பித்தார் கேன்டீன் பொறுப்பாளர். குழுவில் அவர் சொன்ன முதல் கருத்து அதுதான். பதினெட்டு பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். "டீ கொண்டு வரட்டுங்களா?" என்று முடித்தார்.

டீ வந்ததும் இயக்குநர் பேசினார். "அஞ்சு பேரு இருந்தப்ப முப்பத்து நாலு. பன்னெண்டு பேரு இருந்தப்ப எழுபத்தொண்ணு. குறை எல்லாம் வெளிய வந்துடுச்சு. பத்தொன்பது பேரு வந்ததும் குறையே இல்ல. இதுலேருந்து என்ன தெரியுது? கண்ணாடிய யாரு வேணும்னாலும் தேய்க்கலாம். திருத்தறதுக்குக் குழு வேணும். அடுத்த கண்ணாடிக்கு இருபத்தேழு பேரு போடறோம். அளவை முடியற வரைக்கும் அந்த ரூமைவிட்டு யாரும் வெளிய வரப்போறதில்ல." எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும் தட்டினாள். ஆனால் ஒன்பதாம் எண் ஏற்கெனவே பட்டறையில் கிடக்கிறது என்பது நினைவுக்கு வந்து, அவள் கை பாதியில் நின்றது.

எட்டாம் எண்ணை அளவை அறையில் நிமிர்த்தியபடியே பெட்டியில் வைத்த நாளில் அவள் பக்கத்திலேயே இருந்தாள். மூடியைப் போடுவதற்கு முன்னால், கதவோரம் போய் நின்று தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். தலைகீழாக, சின்னதாக, தலையில் தொப்பியோடு தெரிந்தாள். போய்ட்டு வா என்றாள். அது திரும்பி வராது என்று தெரியும். அதனால்தான் வா என்று சேர்த்துச் சொன்னாள்.

அன்று மத்தியானமே உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மனு எழுதினாள். எட்டாம் எண்ணைத் திருத்திய பத்தொன்பது பேரின் படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு அளவை அறையில் மாட்ட வேண்டும். இனி வரும் எந்தக் கண்ணாடியும் குழுவின் முன்னிலையை விட்டு ஒரு நொடியும் விலகாமல் இருக்க அதுவே வழி. படத்தில் இருப்பவர்கள் ராத்திரி பகல் பாராமல் கண்காணிப்பார்கள், விடுப்பும் எடுக்கமாட்டார்கள்.

இயக்குநர் மனுவை இரண்டு முறை படித்தார், கண் கலங்கினார், இருபத்தேழு பேர் வேண்டாம், இந்தப் பத்தொன்பது பேரே போதும் என்று அன்றே அனுமதி கொடுத்தார். ஷரத்து ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். எடுத்த சுத்தியலைப் பயன்படுத்தாமல் ஸ்டோரில் திருப்பிக் கொடுக்க விதியில் இடம் இல்லையே, அதற்கு என்ன செய்வது? அக்கா அந்தச் சுத்தியலாலேயே ஆணி அடித்தாள். சுத்தியலுக்கு எந்தச் சேதமும் வரவில்லை.

படத்தைக் கருவிக்குப் பின்னால், கண்ணாடிக்கு நேர் எதிரே, கதவை ஒட்டிய சுவரில் மாட்டினார்கள். ஒன்பதாம் எண்ணை நிறுத்திவைத்து அந்தப் பக்கமிருந்து பார்த்தால், அதற்குள் பத்தொன்பது அதிகாரிகளும் நாற்காலிகளோடு தலைகீழாகத் தொங்குவார்கள். உபகுழுவிடம் இதை யாரும் சொல்லவில்லை. அது இன்னும் முதல் கூட்டம் கூட்டவில்லை.

கதவுக்கு வெளியே ஷரத்தே ஒரு அறிவிப்புப் பலகை எழுதி வைத்தார்: உள்ளே குழு இருக்கிறது. வேறு யாரும் நுழையக் கூடாது.

ஒன்பதாம் எண் தேய்த்து முடிந்து அதன் முதல் அளவை நடந்த அன்று அக்காவும் அளவைக்காரரும் தாழ்வாரத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். காலடிச் சத்தம் கேட்டது. இயக்குநர் வேகமாக வந்து கதவில் கை வைத்தார். பலகையைப் படித்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரமா இருக்காங்க?" என்று மெல்லிய குரலில் கேட்டார்.

"காலைலேருந்து சார்."

இயக்குநர் மரியாதையோடு தலையாட்டினார். பிறகு, உள்ளே இருப்பவர்களுக்குத் தொந்தரவாக இருந்துவிடக் கூடாதே என்று, ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடிவைத்துத் திரும்பிப் போனார்.

பதினேழு என்றார் அளவைக்காரர்.